மெஷின் நின்றால் நீலம்

சாயக்காவுக்குக் கோபம் வராது. அவளுக்கும் சேர்த்து எனக்குத்தான் வரும். அதனால் அவள் சாயம் போட்ட சாம்பல் நிற மூக்குக்கண்ணாடி ஒன்று முதல் தடவை திரும்பி வந்தபோது, கடைக்காரரிடம் போனில் எகிறியது நான்தான்.

"நீலமா இருக்குன்னு கஸ்டமர் சொல்றாரும்மா."

"முதல்ல அவரை நல்ல கண் டாக்டராப் பாக்கச் சொல்லுங்க சார்!"

வாய்க்கொழுப்பு. இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைகளுக்குக் கண்ணாடி செய்து கொடுக்கும் எங்கள் பட்டறை, மாடியில் இருக்கும் ஒரே நீள அறை. ஒரு மூலையில் என் மெஷின், லென்ஸின் ஓரத்தை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்ப்பது. எதிரே ஜன்னலோரம் சாயக்காவின் ஆறு சாயத்தொட்டிகள், நாள் முழுக்க ஆவி பறக்கும். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் நிற்கிறாள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

பாலிகார்பனேட் லென்ஸ் இருக்கிறதே, அது மகா அழுத்தக்காரப் பயல். எவ்வளவு நேரம் சாயத்தில் போட்டாலும் தான் குடிக்காது. மேலே பூசிய மெல்லிய கோட்டிங்தான் குடிக்கும். அதிலும் சாம்பல் என்பது தனி நிறம் இல்லை, சில சாயங்களின் கலவை. கோட்டிங் ஒன்றை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் இழுக்கும். கொஞ்சம் அசந்தால் நீலத்துக்கு ஓடிவிடும். அப்போது பழுப்புத் தொட்டியில் ஒரு முக்கு முக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். எப்போது முக்குவது, எப்போது எடுப்பது என்று எந்தக் கருவியும் எங்களிடம் சொல்லாது. லென்ஸை வெள்ளைத்தாளுக்கு மேல் பிடித்து அவள் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நாலு ஜோடி திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் ஏழு.

"எங்கயோ கோளாறு இருக்கு. கண்டுபிடிங்க," என்றார் முதலாளி.

தேடினோம். தெர்மாமீட்டரை மாற்றினோம். பழைய சாயத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தோம். லென்ஸில் பிசுக்கு இருக்கலாம் என்று சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி என் விரல் ஊறிப்போனது. சாயம் ஏறாத கோட்டிங்கை நம் தலையில் கட்டிவிட்டான் என்று லென்ஸ் அனுப்புகிறவனைத் திட்டித் தீர்த்து, வேறு இடத்தில் வரவழைத்தோம். அதுவும் திரும்பி வந்தது.

கடைசியில் சாயக்கா மாதிரிக்காக வைத்திருந்த பழைய லென்ஸைத் தன் இழுப்பறையிலிருந்து எடுத்தாள். அவள் கையால் என்றைக்கோ போட்ட சுத்தமான சாம்பல். திரும்பி வந்த ஒன்றையும் அதன் பக்கத்தில் வெள்ளைத்தாளில் வைத்து என்னைக் கூப்பிட்டாள்.

"பாருடி. ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்குத் திருப்பி அனுப்பறாங்க?"

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். "என்னக்கா, கண்ணு என்ன பின்னாலயா இருக்கு? இது அப்பட்டமான நீலம்," என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. தாளை ஜன்னல் பக்கம் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். ஒரு கண்ணை மூடினாள், மறு கண்ணை மூடினாள். அதைப் பார்த்து நானும் சிரிப்பை நிறுத்தினேன். எல்லாவற்றையும் சோதித்தோம், அவள் கண்ணைத் தவிர.

"டாக்டர்ட்ட போலாம்க்கா."

"வாயை மூடு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒம்பது வருஷம் ஒரே நாற்காலி. காலடிச் சத்தத்த வச்சுத்தான் என்னைத் தெரியும். சாகற வரைக்கும் அப்படியே. எனக்கும் அதுதான்னு ஒருத்தர் வாயால கேக்க என்னால முடியாதுடி. கேக்காத வரைக்கும் அது இல்லைன்னு இருந்துட்டுப் போறேன்."

அவளை வற்புறுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. எனக்கும் பயம். அதனால் ஒரு திருட்டு வேலை செய்தோம். அவள் லென்ஸை எடுத்துத் தாளின் மேல் என் பக்கமாகப் பிடிப்பாள். நிறம் சரியென்றால் என் மெஷினை ஓட விடுவேன். நின்றால் நீலம், பழுப்பில் முக்க வேண்டும். மூன்று வாரம் ஒரு கண்ணாடியும் திரும்பி வரவில்லை. முதலாளி முதுகில் தட்டாத குறை. ஆனால் மெஷினைப் போகப் போக அதிகமாக நிறுத்த வேண்டியிருந்தது.

நாலாவது வாரம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. "இதைப் பக்கத்துலயே நின்னு பாக்கறேன்," என்று முதலாளி தொட்டிகளுக்கு அருகே வந்து கைகட்டி நின்றார். சாயக்கா முதல் ஜோடியை எடுத்துப் பிடித்தாள். சுத்தமான சாம்பல். அப்பாடா என்று நினைத்தேன். அந்த நொடியில் என் மெஷினுக்குள் மாட்டியிருந்த லென்ஸ் படாரென்று விரிசல் விட்டு, மெஷின் கப்பென்று நின்றது.

பட்டனை அழுத்தினேன். ஓடவில்லை. அவள் பழுப்பில் முக்கினாள். எடுத்துப் பிடித்தாள். சத்தமில்லை. மறுபடி முக்கினாள். நான் பட்டனைக் குத்து குத்தென்று குத்தினேன், இருமினேன், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என்னை நேராகப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவையும் முக்கினாள். எட்டடி தூரத்தில் நான் தலையாட்டுவது அவளுக்குத் தெரியவில்லை. கோளாறு நிறத்தோடு நிற்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னம்மா இது? சாம்பல் கேட்டா டீ கலர்ல குடுக்கறீங்க!"

சாயக்கா லென்ஸைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியல சார். ரெண்டு மூணு மாசமா நீலம் தெரியல. இப்ப மூஞ்சியும் சரியாத் தெரியல."

முதலாளி கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். "என்னம்மா வேடிக்கை? வண்டியைக் கூப்பிடு," என்றார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு கன்றிப்போனது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழுந்து ஓடப் பார்த்தாள், நான் இழுத்து உட்கார வைத்தேன். உள்ளே போனதும் டாக்டரம்மா கண்ணில் மருந்து விட்டு, விளக்கை அடித்துப் பார்த்தார்.

"கண்புரைம்மா. ரெண்டு கண்ணுலயும் பழுப்பா முத்தியிருக்கு, அதான் நீலம் தெரியல. பின்னாடி நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆபரேஷன் பண்ணிட்டா பார்வை வந்துடும்."

நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன், கண்ணில் நீர் வர. சாயக்கா சிரிக்கவில்லை.

"எங்கம்மாவுக்கு… எல்லாம் மஞ்சளா இருக்குன்னாங்க. அப்புறம் புகைமூட்டமா இருக்குன்னாங்க. அப்புறம் ஒண்ணும் தெரியல."

டாக்டரம்மா சீட்டு எழுதியபடியே சொன்னார்: "பாக்காம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இதுவாத்தான் இருந்திருக்கும். காட்டியிருந்தா சரி பண்ணியிருக்கலாமே, ஏன் காட்டல?"

சாயக்கா சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்தோம். மருந்து விட்ட கண் கூசியதால் என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். நடுப்படியில் நின்றுவிட்டாள்.

"அம்மா கேட்டாங்கடி. என்னை ஒரு தடவை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயேன்னு. என்ன சொல்லிடுவாங்களோன்னு பயந்து, அடுத்த மாசம் பாக்கலாம்மான்னு சொன்னது நான்தான்."