வெளிச்சத்தை வளைத்தவர்

கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் நான் லிப்ட் ஓட்டுகிறேன். சட்டைப்பையில் நான்கு பேனா செருகிய இயற்பியல் வாத்தியார் ஒருவர், மேல்மாடியில் டியூஷன் எடுக்க ஏறும்போதெல்லாம் செல்போன் டார்ச்சைச் சுவரில் அடிப்பார்.

“லிப்ட் வேகமெடுத்து மேல போனா வெளிச்சம் துளி வளையும், அண்ணாச்சி. புவியீர்ப்பும் அப்படித்தான் வளைக்கும். உள்ள நிக்குதவனுக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கயிறு அறுந்தா கனமே இருக்காது, சொகமா மிதக்கலாம்.”

ஒருநாள் கரண்ட் போய், லிப்ட் குலுங்கி நின்றது. “ஐயோ, கயிறு அறுந்துட்டு!” என்று அலறி என் கழுத்தில் தொங்கினார்.

“கயிறு அறுந்தா கனம் இருக்காதுன்னீங்களே, சார். இப்பம் என் கழுத்துல்லா ஒடியுது! கயிறு நல்லாத்தான் இருக்கு.”

இப்போதெல்லாம் படியேறித்தான் போகிறார். அவர் நடத்திய பாடத்தை நம்பியவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.