வெர்லின் மாவில் தெரிந்த கோடு

விவசாயி வெர்லின் ஹாகன், கல்லூரிக்கு வந்ததே தம்பியைத் தோற்கடிக்கத்தான். அமெரிக்காவின் அயோவாவில் எங்கள் ஊர்க் கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பத்துக்கு ஓர் ஆரம்ப ஆய்வகப் பாடம் உண்டு, யார் வேண்டுமானாலும் சேரலாம். அந்தக் குளிர்காலத்தில் சேர்ந்த கிழவர்கள் நாங்கள் இரண்டே பேர். நான் ஓய்வு பெற்ற தபால்காரன். வீட்டில் இருந்தால் மனைவியோடு சண்டை வருகிறது என்று போனேன். இருவரையும் ஒரே மேசையில் போட்டார்கள்.

அண்ணன் தம்பி வயல்களுக்கு நடுவே ஒரு சரளைச் சாலைதான். தம்பி லோரன் மரபணு மாற்றிய மக்காச்சோளத்துக்கு மாறியபோது, வெர்லின் அதை விஷம் என்றார். அதோடு பேச்சு நின்றது. அதை ஆய்வகத்திலேயே நிரூபித்துக் காட்டத்தான் இப்போது வந்திருந்தார். எங்கள் பக்கம் எதிரே வண்டி வந்தால், முன்பின் தெரியாதவனுக்கும் ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரலைத் தூக்குவோம். இவர்கள் அதுகூடச் செய்வதில்லை. இரண்டு வீட்டுக்கும் தபால் போட்ட எனக்கு இருவர் மேலும் எரிச்சல். வெர்லின் தன் பழைய விதையையே விதைத்து, மாவாக அரைத்து, சந்தையில் 'மாற்றாத சோளம்' என்று விற்றார். அவர் மானமே அந்தச் சொல்லில் இருந்தது.

கடைத் தின்பண்டங்களில் மாற்றிய மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது அந்த வாரப் பாடம். ஒப்பிட, சுத்தமான மாவு ஒன்று வேண்டும். வெர்லின் தன் மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இதவிடச் சுத்தம் எங்கயும் கெடைக்காது டீச்சர்."

"சோதனைப் பொருளோட கம்பெனி அனுப்பின மாவும் இருக்கட்டும்," என்றார் ஆசிரியை ரென்னர். "உங்களதையும் சேர்த்தே ஓட்டிடுவோம்."

மாவைக் கரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, கருவியில் பெருக்கி, பிப்பெட் என்ற உறிஞ்சுகுழலால் ஜெல் என்னும் கூழ்ப்பலகையின் குழிகளில் விட்டோம். அவசரத்தில் நான் ஒரு குழியைக் கிழித்துவிட்டேன். மின்சாரம் பாய்ச்சி விளக்கின் மேல் வைத்தால், மாற்றிய மரபணு இருக்கும் வரிசையில் கோடு ஒளிரும். கடையில் வாங்கிய மக்காச்சோளச் சிப்ஸ் வரிசையில் ஒளிர்ந்தது. கம்பெனி மாவில் ஒன்றுமில்லை. வெர்லின் மாவில் மங்கலாக ஒரு கோடு.

அவர் என் மேல் பாய்ந்தார். "பிப்பெட் முனைய மாத்தினியா இல்லயா? சிப்ஸத் தொட்ட முனையாலயே என் மாவையும் தொட்டிருப்ப. தபால மாத்திப் போட்ட கைதான!"

"மாத்திப் போட்டிருந்தா உன் தம்பி வீட்டுக்குத்தான் போட்டிருப்பேன். அப்படியாவது ரெண்டு பேரும் பேசியிருப்பீங்க."

அடுத்த வகுப்பில் எல்லாவற்றையும் அவரே செய்தார். என்னை எதையும் தொட விடவில்லை. கருவிகளில் கலப்பு ஏதும் இல்லையே என்று பார்க்க, வெறும் தண்ணீரையும் ஒரு வரிசையில் ஓட்டினார். தண்ணீர் சுத்தம், கம்பெனி மாவு சுத்தம். அவர் மாவில் மறுபடியும் அதே கோடு.

"மகரந்தம் காத்துல வரும் வெர்லின்," என்றார் ரென்னர். "ரெண்டு வயலும் ஒரே சமயத்துல பூக்காம பாத்துக்கணும். பக்கத்து வயல் யாரோடது?"

வகுப்பில் பாதிப் பேருக்குப் பதில் தெரியும். வெர்லின் மாவுப் பையின் வாயைக் கட்டினார். எனக்கே பாவமாக இருந்தது. வீட்டிலும் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. "பூக்கற நேரத்துல நீ என்ன வயலுக்குக் குடையா புடிச்ச?" என்று மனைவி மார்லிஸ் கேட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை அவர் சந்தைக்குப் போகவில்லை. தனியாகப் போனால் பேச்சு தடித்துவிடும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு லோரன் கொட்டகைக்குப் போனார். லோரன் விதைக்கும் இயந்திரத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப விதைக்கப் போற?" என்றார் வெர்லின்.

"எதுக்கு?"

"உன் சோளம் என் மாவுல இருக்கு. நானே சோதிச்சுப் பாத்தேன். நீ விதைக்கறது தெரிஞ்சா நான் தள்ளி விதைச்சுக்குவேன்."

லோரன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப இத்தன வருஷமா நீயும் அந்த விஷத்தத்தான் தின்னுட்டு இருந்திருக்க."

சிரிக்கப் போகிறார், இன்னொரு சண்டை ஆரம்பம் என்று நான் வண்டியைப் பார்த்தேன். லோரன் சிரிக்கவில்லை.

"உடம்பு எப்படிண்ணே இருக்கு?" என்றார்.

"நல்லாத்தாண்டா இருக்கேன்" என்ற வெர்லின், கிரீஸ் டப்பாவை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.