வாசலுக்கு வந்த பொண்டோக்

அமலதாஸ் எனக்கு ஆயிரத்து இருநூறு வெள்ளி கடன்பட்டிருந்தான். இறந்துபோன மனைவி மாடில்டாவின் கல்லறையைச் சிமெண்டால் கட்டி, வெள்ளைக் கல் பதித்து, சிலுவை நடுவதற்கு வாங்கிய பணம். தெற்கே ரொம்பத் தூரத்தில், பத்து பகாட் என்ற ஊரில் இருக்கும் மகன் ரெய்மண்ட், தான் கட்டித் தருவதாகச் சொல்லியும் இவன் கேட்கவில்லை. "எம்பொண்டாட்டி படுத்திருக்கற எடம். என் கைக் காசுலதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, கையில் காசே இல்லாமல் என்னிடம் வந்து நின்றான். எங்கள் ஊர் ஈஜோக்கில் கைமாற்று வேண்டும் என்றால் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை.

என் பெயர் செல்லன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். எஸ்டேட்டில் செம்பனைக் குலை தூக்கிய தோளோடு வெளியே வந்து, பழைய லோரி ஒன்றை வாங்கி, அதை ஐந்து லோரியாக்கினேன். எங்களை வேலை வாங்கிய மண்டோர் மகனும், கணக்கெழுதிய கிராணி மகனும் என்னிடம் டிரைவர் வேலை கேட்டு வந்திருக்கிறார்கள். யாரிடமும் ஒரு காசு கடன் வைத்ததில்லை. யாரிடமும் சும்மா வேலை வாங்கியதும் இல்லை. வேலை முடிந்த அன்றே கூலி கையில் இருக்கும். வேண்டுமானால் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

அமலதாஸ் என்னைப் போல இல்லை. நாங்கள் ஒரே எஸ்டேட்டில் பிறந்தவர்கள், அவன் எனக்கு இரண்டு வயது இளையவன். எண்ணெய் ஆலையில் கூட்டிப் பெருக்கப் போனவன், பிட்டராகி, அங்கேயே நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றான். முதலாளியாகிப் பார் என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். "மெசின் ஓடுனா போதும்ண்ணே. நான் ஏன் ஓடணும்?" என்பான். ஆலைக்கு வரும் என் லோரிகளில் எது இருமினாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். அதற்குக் கூலி கொடுத்தால் வாங்கிக்கொள்வான். கூடக் கொடுத்தால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பான்.

ஞாயிற்றுக்கிழமை கோலா சிலாங்கூரில் பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் சுற்று வழியாக என் வீட்டுக்கு வந்து கடனுக்குப் பத்தோ இருபதோ கொடுப்பான். கொடுத்த பிறகுதான் தேத்தண்ணியைத் தொடுவான். கணக்குப்படி பார்த்தால் ஒன்றரை வருடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய கடன் நான்கு வருடம் ஓடியது. அதற்குக் காரணம் நான்தான். இருபது கொடுத்தால் பத்தைத் திருப்பி அவன் சட்டைப் பையில் செருகி, "பெட்ரோலுக்கு வச்சிக்கடா, அடுத்த வாரம் பாப்போம்" என்பேன். சில வாரம் சில்லறை இல்லை என்பேன். சில வாரம், தலை வலிக்கிறது, கணக்குப் பார்க்க முடியாது என்பேன்.

கடன் வசூலிப்பதில் நான் எமன். ஆனால் இந்தக் கடன் தீர்ந்துவிட்டால் அவன் எதற்கு வருவான்? என் மனைவி புனிதவதி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் புச்சோங் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். அது பதினாலாவது மாடி. நான் போய் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். என் வீட்டுக்குள் வந்து போகிற ஆள் அமலதாஸ் ஒருவன்தான். காரணம் இல்லாமல், வந்து உட்காருடா என்று ஒருவனைக் கூப்பிட எனக்கு வாய் வராது. கூப்பிட்டுப் பழக்கமும் இல்லை.

நாங்கள் உட்காருவது கொல்லையில் உள்ள பொண்டோக்கில், சுவர் இல்லாத சின்னக் குடிலில். வாங்கி வைத்த பொண்டோக் இல்லை அது. என் முதல் லோரி ஓய்ந்தபோது இரும்புக்கடைக்குப் போட மனம் வராமல், அதன் சேசிஸைப் பாதியாக வெட்டி அடித்தளமாக்கி, அதன் நான்கு மூலையிலும் இரும்புக் கால் நிறுத்தி, தகரக் கூரை போட்டு, லோரிப் பலகையையே தரையாக அடித்தேன். எல்லாம் நானே செய்தது. வெட்டிக் கொடுத்ததும் பற்றவைத்துக் கொடுத்ததும் மட்டும் அமலதாஸ். யானை வந்து முட்டினாலும் அசையாது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு, வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொல்லைக்கு நடந்து வரும்போது சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். ஏற்கெனவே கெட்டுப்போன முட்டி. பிடித்துத் தூக்கினேன். தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னான்:

"அண்ணே, உங்க அக்கவுண்ட் நம்பர் குடுங்க. பேத்தி கெய்ட்லின் போன்லயே காசப் போட்டுடுவாளாம். அவ வர்றப்ப நான் டுயிட்ட அவகிட்ட குடுத்துடறேன்."

"எனக்கு ஏதுடா அக்கவுண்ட்?"

"சும்மா சொல்லாதீங்கலா. மூணு பேங்குல வச்சிருக்கீங்க."

"நம்பரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? நீ கையில கொண்டாந்து குடு."

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்து, முட்டி வீங்கியிருக்கிறது என்றான். கடனில் அறுபது வெள்ளிதான் பாக்கி இருந்தது. பொண்டோக்கை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டால், அவன் மோட்டாரை விட்டு இறங்கி ஒரே எட்டில் உட்கார்ந்துவிடலாம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

கிரேன் லோரி கூப்பிடப் பணம் இல்லாதவன் இல்லை நான். ரம்புத்தான் கிளைக்கும் மின்கம்பிக்கும் நடுவில் கிரேன் கை நுழையாது. கூலிக்கு ஆள் பிடித்தால், எதற்காக நகர்த்துகிறீர்கள் என்று கேட்பார்கள். அமலதாஸைக் கூப்பிட்டால் வேறு சிக்கல். அவன் கூலி ஒரு நாளைக்கு எண்பது வெள்ளி. என் வழக்கப்படி கூலியை அன்றே கணக்குப் பார்த்தால் அறுபது கழிந்து கடன் தீர்ந்துவிடும். அவன் வர வேண்டும் என்று செய்கிற வேலையிலேயே அவன் வரவு நின்றுவிடும். அதனால் தனியாகவே இறங்கினேன். எழுபத்து மூன்று வயதில் இந்த வேலைக்குத் தனியாக இறங்குகிறவன் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறான்?

வியாழக்கிழமை காலையில் லோரி ஜேக்கை வைத்து ஒவ்வொரு மூலையாகத் தூக்கினேன். அடியில் பலகையை நீளவாக்கில் போட்டு, அதன் மேல் இரும்புக் குழாய்களை உருட்டிவிட்டேன். பின்னால் நின்று கடப்பாரையால் நெம்பினால் பொண்டோக் ஒரு சாண் உருளும். பின்பக்கம் வெளியே வந்த குழாயை எடுத்துக்கொண்டு முன்பக்கம் ஓடி அங்கே வைக்க வேண்டும். பிறகு மறுபடியும் பின்னால் வந்து நெம்ப வேண்டும். இரண்டு ஆள் வேலை. ஒரு ஆளாகச் செய்தால் நெம்புவதைவிட நடப்பதுதான் அதிகம். மத்தியானத்துக்குள் பாதி தூரம் கொண்டுவந்துவிட்டேன். கைதட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அங்கேதான் முன் மூலை படக்கென்று இறங்கியது. பழைய குப்பைக்குழி. தேங்காய் மட்டையும் இலையும் கொட்டி நானே மூடிய குழி. மூடியதையே மறந்துவிட்டேன். ஜேக்கை வைத்துத் தூக்கினால் பொண்டோக் மேலே வராமல் ஜேக்தான் கீழே போனது. இருட்டும்வரை பார்த்தேன், முடியவில்லை.

இரவு புனிதவதி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"பொண்டோக்ல உக்காந்திருக்கேன்."

"அங்க மழையா?"

"தூறல்."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"சரி, சின்னவன் அழறான், வைக்கிறேன்."

பொண்டோக்கில்தான் உட்கார்ந்திருந்தேன், பொய் இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து, நட்ட நடு முற்றத்தில், கவிழப் போகிற படகு மாதிரி இருந்தது. சறுக்காமல் இருக்கக் காலை ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வெள்ளியும் சனியும் அப்படியே கழிந்தன. சாலையில் எத்தனையோ பேர் போனார்கள். ஹாரன் அடித்தார்கள், கை காட்டினார்கள். என்ன ஆயிற்று என்று கேட்க ஒருவரும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. பூசைச் சட்டையோடு, கையில் ஒரு குச்சியோடு அமலதாஸ் உள்ளே வந்தான். பொண்டோக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரிப்பை அடக்கத் தெரியாதவன்.

"என்னாண்ணே, லோரி மறுபடியும் பள்ளத்துல எறங்கிருச்சா?"

"வாய மூடு. கொஞ்சம் சாஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"எங்க ஓட்டிக்கிட்டுப் போறீங்க?"

"வாசல் கேட்டுப் பக்கத்துல. பின்னாடி ஒரே கொசு."

அவன் கேட்டைப் பார்த்தான். தன் மோட்டாரைப் பார்த்தான். குச்சியால் முட்டியைத் தட்டினான்.

"கொசு... ஆமாலா. கொசு ரொம்ப மோசம்" என்றான்.

பிறகு பூசைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் மாட்டினான். வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து குழியைக் குத்திப் பார்த்தான்.

"பழைய கேட் ஒண்ணு கழட்டி வச்சீங்களே, எங்க?"

"கோழிக்கூண்டு பின்னால."

"அத இழுத்துட்டு வாங்க முதலாளி. ஜேக்குக்கு அடியில மண்ண நம்பக் கூடாது. அகலமா ஏதாச்சும் வேணும்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் ஜேக்க நட்டுத் தண்ணி ஊத்திட்டிருக்கீங்களா? மொளச்சிருச்சா?"

வேறு எவனாவது இப்படிப் பேசியிருந்தால் கேட்டுக்கு வெளியே நின்றிருப்பான். நான் பழைய கேட்டை இழுத்துவந்து சேற்றில் படுக்கப் போட்டேன். அதன் மேல் பலகை, பலகையின் மேல் ஜேக். அவன் வாளியில் உட்கார்ந்தபடியே கைப்பிடியை அசைத்தான். பொண்டோக் முனகிக்கொண்டு எழுந்தது. அதற்குப் பிறகு நான் நெம்பினேன், அவன் வாளியை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்து குழாய் வைத்தான். "ம்... போகட்டும்... இருங்க... ம்..." என்று அவன் சொல்கிற தாளத்துக்கு அந்தச் சேசிஸ் உருண்டது. தனியாக அரை நாள் எடுத்த தூரத்தை இரண்டு பேரும் பேச்சும் ஏச்சுமாக ஒரு மணி நேரத்தில் தாண்டினோம்.

கேட்டுக்குப் பக்கத்தில் நான்கு கல் வைத்து, மட்டம் பார்த்து இறக்கினோம். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தேன். அமலதாஸ் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, மோட்டார் நின்ற இடத்திலிருந்து வேண்டுமென்றே ஒரே எட்டு வைத்து ஏறி உட்கார்ந்தான். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு பெருமை.

"இனிமே மழை பேஞ்சாலும் உனக்குக் கவலையில்ல" என்றேன்.

அவன் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அண்ணே, புதன்கெழம ரெய்மண்ட் வந்து கூட்டிட்டுப் போறான். பத்து பகாட்டுக்கு. முட்டிய ஆப்பரேசன் பண்ணணுமாம். அப்புறம் அங்கயே இருக்கச் சொல்றான். வாடகை வீட்டயும் திருப்பிக் குடுத்தாச்சு."

சாலையில் ஒரு செம்பனை லோரி போனது.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாடா? நகத்தியே இருக்க மாட்டேன்" என்றேன்.

"அதனாலதான் சொல்லல. சாஞ்சு கெடந்துச்சு. அப்படியே விட்டுட்டுப் போவ முடியுமா?"

அவன் சட்டைப் பையில் கையை விட்டான். எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"இரு. இன்னைக்கு நீ வேலை செஞ்சிருக்க. கூலி எம்பது. உன் கடன் அறுபது போனா, நான் உனக்கு இருபது தரணும். இப்ப எங்கிட்ட சில்லறை இல்ல. நீ இந்தப் பக்கம் வரும்போது வந்து வாங்கிக்க."

யாரிடமும் ஒரு காசு கடன் வைத்ததில்லை என்று சொன்னேன் அல்லவா? அந்த இருபது வெள்ளிக் கடனுக்காக அன்றைக்கு நான் கெஞ்சாத குறை.

"கழிக்க முடியாதுண்ணே. இது அவ கல்லறைக் காசு. கையாலதான் குடுப்பேன். குடுத்துட்டு, நாளைக்குப் போயி அவகிட்ட சொல்லிட்டுக் கெளம்பணும்."

"அப்ப எம்பதும் நான் தரணும்."

"தரணும்தான்." சிரித்தான். "வச்சிருங்க. வந்து வாங்கிக்கிறேன்."

பத்து பகாட்டிலிருந்து கெட்ட முட்டியோடு எவன் எண்பது வெள்ளிக்கு வருவான்?

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே மொத்தமா குடுத்திருப்பேன் தெரியுமா?" என்றான்.

"ஏன் குடுக்கல?"

"நீங்கதான் வாங்கவே இல்லியே. சரி, கைய நீட்டுங்க. இன்னைக்கித் தலை வலிக்குதுன்னு சொல்லக் கூடாது."

நீட்டினேன். கடப்பாரை பிடித்த கை, சேறு காய்ந்து வெடித்திருந்தது. அவன் ஒவ்வொரு நோட்டையும் முழங்காலில் வைத்து நீவி, சுருக்கம் எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தான். பத்து. இருபது. முப்பது. நாற்பது. ஐம்பது. மிச்சம் எல்லாம் ஒரு வெள்ளி நோட்டு. அதையும் அவசரப்படாமல், வாய்விட்டு எண்ணி வைத்தான். கடைசி நோட்டைக் கொஞ்ச நேரம் விரலிலேயே பிடித்திருந்தான். பிறகு அதையும் வைத்தான்.