ஆளில்லாத பாரம்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கம், சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில் இருந்த கார் பட்டறையில் நான் மூத்த மெக்கானிக். தஞ்சோங் பகார்க்காரர் ஒருவர் ஐரோப்பியக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்சீட்டில் ஆள் ஏறினால் காரின் முன்பக்கம் தூக்கி எதிரே வருகிறவனுக்குக் கண் கூசுமே, அப்படி ஆகாமல் அந்தக் காரில் பின் அச்சிலிருந்து வரும் ஒரு கம்பி ஹெட்லைட்டைத் தானாகத் தாழ்த்திவிடும். இவர் தனியாகப் போகும்போதே தாழ்கிறதாம்.

எனக்குக் கீழே வேலை பார்த்த மணி கம்பியை மாற்றினான். அப்புறமும் அதே புகார். அவன் வேலைதான் சரியில்லை என்று முதலாளியிடம் போட்டுக் கொடுத்தது நான்தான். மறுநாள் காலையில் அவனை வேலையிலிருந்து அனுப்பிவிடுவதாக முடிவு.

“அளவெடுத்துத்தாண்ணே மாட்டினேன். நீங்களே ஒரு தடவ ஓட்டிப் பாருங்களேன். ரெண்டு புள்ள இருக்கு லா எனக்கு,” என்றான். பாவமாக இருந்தது, ஆனாலும் நான் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் நல்ல மழை இருட்டு. மார்சிலிங்கில் என் வீடு வரை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தனியாகக் கிளம்பினேன். புக்கிட் பாத்தோக் தாண்டியதும் வெளிச்சம் பொசுக்கென்று இறங்கி, காருக்கு முன்னால் பத்தடியில் விழுந்தது. கார்க்காரர் கனமாக எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரோ என்று சந்தேகம் வந்து, நிறுத்திப் பின்பெட்டியைத் திறந்தேன். காலி. குனிந்து பார்த்தால் கார் துளிகூடத் தாழவில்லை, கம்பி மட்டும் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தது போல இழுபட்டிருக்கிறது. கையால் தள்ளினேன், அசையவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பின்னால் திரும்பியே பார்க்காமல், அந்த அரை வெளிச்சத்தில் ஊர்ந்து போய் என் அடுக்குமாடி பிளாக்கின் கார்ப்பார்க்கில் நிறுத்தினேன். நான் இன்னும் கதவில் கைகூட வைக்கவில்லை, பின்னால் பாரம் இறங்கியது போல எதிர்ச்சுவரில் வெளிச்சம் மெல்ல மேலே ஏறியது.

காலையில் அளந்து பார்த்தேன். மணி மாட்டியது ஒரு நூல்கூடப் பிசகவில்லை. தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன். மணியின் வேலை தப்பியது.

ஒரு வாரம் கழித்துக் கார்க்காரர் போன் செய்தார். “இப்ப லைட் ஒழுங்கா நிக்குதுங்க, ரொம்ப நன்றி,” என்றார். அப்புறம், “காரை எங்க கொண்டுபோய் நிறுத்துனீங்க?” என்று கேட்டார். நான் ஓட்டிப் பார்த்ததை அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. பட்டறையை விட்டு எங்கேயும் எடுக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

“அப்படியா?” என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

நான் அதே பிளாக்கில்தான் இன்னும் குடியிருக்கிறேன்.