திரை போட்ட கடை

காலை ஆறு மணிக்குக் கொழும்பில் இரத்தினபுரி பஸ் ஏறினேன். நான் இறங்க வேண்டிய எஹலியகொட சுமார் எழுபது கிலோமீற்றர். வழியெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மச்சான் ராஜேந்திரன் சிகரெட்டை விட்டுவிட்டார் என்று தங்கை செல்வி போனில் சொல்லியிருந்தாள். போன மாதம் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். இனி ஒன்று பிடித்தாலும் ஆபத்து என்று டாக்டர் கண்டித்திருக்கிறார். ஆனால் மச்சான் நடத்துவது கடை. நாள் முழுக்க சிகரெட் பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பவர் எப்படி விடுவார்? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

எஹலியகொடவில் ஆட்டோ பிடித்தேன். ஐந்து கிலோமீற்றருக்கு ஐந்நூறு ரூபாய். இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம்.

"ராஜேந்திரன் கடைங்களா? அந்தத் திரை போட்ட கடைதானே," என்றார் ஆட்டோக்காரர்.

கடை வாசலில் இறங்கிப் பார்த்தேன், உண்மைதான். கல்லாவுக்குப் பின்னால் சிகரெட் பெட்டிகள் மின்னிக்கொண்டிருந்த அலுமாரிக்குச் செல்வி சிவப்புத் திரை தைத்துப் போட்டிருந்தாள். சிகரெட் விளம்பரம் ஒட்ட இந்த நாட்டில் தடை உண்டு. கண்ணுக்கு நேரே வரிசையாக அடுக்கி வைத்தால் மட்டும் அது விளம்பரமில்லையாம். என்ன நியாயமோ!

"விக்கிறதயே நிப்பாட்டிட்டா என்ன?" என்றேன் செல்வியிடம்.

"அதுக்கு வர்றவங்கதான் அண்ணே அரிசியும் வாங்குறாங்க. கேக்குறவங்களுக்கு நானே எடுத்துக் குடுக்குறேன். இவரு கண்ணுல படாம இருந்தா போதும்."

மச்சான் சிகரெட்டுக்குப் பதிலாக ஒரு கராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டார்.

மதியம், தோட்டத்தில் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, ரப்பர் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் திரையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு, "ஒரு சிகரெட் குடுங்க தங்கச்சி," என்றார். செல்வி திரையை விலக்கிக் கையை உள்ளே விட்டாள். மனிதர் அரண்டுபோனார்.

"என்னாங்க இது, சாமிகிட்டயா வச்சிருக்கீங்க?"

"சாமி அந்த மூலையில இருக்காரு. நீங்க கும்பிட்டது சிகரெட்ட."

கடையே சிரித்தது, மச்சானும் சேர்ந்துதான். அந்த ஆள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் பற்ற வைத்தார்.

மூன்று மணிபோல வேன் ஒன்று வந்தது. மொத்த வியாபாரியின் ஆள், சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கல்லா மேசையில் வைத்து ஸ்விட்சைப் போட்டார். உள்ளே வெளிச்சத்தில் சிகரெட்டுகள் பளபளத்தன.

"இது சும்மா தாறது முதலாளி. மேசையில வச்சா போதும்."

செல்வி தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போயிருந்தாள். வாயைத் திறக்கப் போய் அடக்கிக்கொண்டேன். மச்சான் அந்தப் பெட்டியையே பார்த்தார். கண்ணாடியை ஒரு தடவை தடவினார். பிறகு ஸ்விட்சை அணைத்தார்.

"எபா மாத்தயா," என்றார் சிங்களத்தில். "வேணாம் ஐயா. நாள் பூரா இதுக்கு முன்னால ஒக்காந்திருக்கிறது நான்தான்."

அவரே அதைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தார். நான் பின்பக்கம் ஓடிப் போய்ச் செல்வியிடம் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

திரும்பும் பஸ்ஸில் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், கேட்காமலேயே, என் மச்சான் சிகரெட்டை விட்டுவிட்டார் என்றேன்.

"விட்டுட்டேன்னு எல்லாருந்தான் சொல்றாங்க," என்றார் அவர்.

"இவரு சொல்லலைங்க. நான் பார்த்தேன்."