அடிக்கட்டையில் ஓடுகிறவர்கள்

அறந்தாங்கியில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். டிரைவர் கருப்பன் டீக்கடைப் பக்கம் போய்விடுவார். கண்டக்டர் ஆண்டியப்பன் இறங்குவதில்லை. பின்படியை ஒட்டிய சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, டிக்கெட் புத்தகத்தின் மூலையில் குனிந்துவிடுவார். பயணிக்குக் கிழித்துக் கொடுத்தது போகப் புத்தகத்தில் தங்கிவிடும் அடிக்கட்டை இருக்கிறதே, அதில் ஒரு நகத்தளவு இடம். அங்கே ஓர் ஆடு. அடுத்த தாளில் அதே ஆடு, முன்கால் ஒரு நூல் உயர்ந்து. அதற்கடுத்ததில் இன்னும் ஒரு நூல்.

சந்தையில் மீனை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு மீமிசல் திரும்பும் ராக்காயிக்கு இந்த ஆட்டைப் பற்றி அக்கறை உண்டு. "நேத்து வேலிகிட்ட நின்னுச்சே, தாண்டிருச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறுவார். ஆண்டியப்பன் புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, கட்டைவிரலால் ஓரத்தை விடுவிப்பார். தாள்கள் சரசரவென்று விழும். ஆடு ஓடும், வேலியைத் தாண்டும், தாண்டியது தெரியாமல் அந்தரத்திலேயே நாலு அடி நடக்கும், கீழே பார்க்கும், அப்புறம்தான் விழும். ராக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

ஆண்டியப்பனுக்கு நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டைப் பையில் பென்சில் குத்திய ஓட்டைகள். ஆட்களைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். "நடைய வச்சே ஆளு எந்த ஸ்டாப்புல எறங்குவாருன்னு சொல்லிருவேங்க" என்பார். பாதிக்குப் பாதி தப்பும். மனிதரை வரைந்தால் கைக்கு நாலு விரல்தான் போடுவார். யாராவது கேட்டால், "அஞ்சு போட்டா வாழைச்சீப்பு மாதிரித் தெரியும்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதப் போய்விடுவார்.

நாலு விரல் கணக்கு அவர் ஜப்பானில் படித்தது. நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர், சண்டை முடிந்த மறு வருஷம், தோற்ற நாட்டைக் காவல் காக்கும் படையோடு, ஒக்கயாமா என்ற ஊரில் கொண்டுபோய் இறக்கப்பட்டார். ஊர் என்று பேர்தான், பாதிக்குமேல் கரி. அங்கே அவருக்குச் சினிமா வண்டி ஓட்டும் வேலை. சிப்பாய்களுக்காகத் திடலில் வேட்டித்துணி போன்ற திரையைக் கட்டிப் படம் காட்டுவார்கள். பெரிய படத்துக்கு முன்னால் அமெரிக்காக்காரர்களின் கார்ட்டூன் ஒன்று ஓடும். வட்டக் கண் முயல், தொப்பி போட்ட கரடி, அடிபட்டால் தட்டையாகி மறுபடி உப்பிக்கொள்ளும் நாய். ஊர்ப் பிள்ளைகள் முள்கம்பிக்கு வெளியே, திரைக்குப் பின்புறம் கூடிவிடுவார்கள். பின்புறம் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். முயலுக்கு எழுத்து எதற்கு? முன்னால் சிப்பாய்கள் சிரிப்பதற்கு ஒரு கணம் முந்தியே பின்னால் அந்தப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் தலைநரைத்த ஒருவர் தினமும் நிற்பார். மொரிதா என்று பெயர். சைக்கிளின் பின்னால் மரச்சட்டம் வைத்து, அதில் படஅட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கதை சொல்லி, பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்பவர். வாளேந்திய வீரர்களையே வரைந்துகொண்டிருந்தவரிடம், கார்ட்டூன் பார்த்த பிள்ளைகள் "வட்டக் கண் போடு" என்று அடம்பிடித்தார்களாம். அதனால் மனிதர் பாடம் படிக்க வந்து நின்றார். அவருடைய வலது கையில் மோதிர விரல் கிடையாது; பட்டறை இயந்திரத்தில் போனது. ஒருநாள் திரையைக் காட்டி, தன் கையை விரித்து, அரைகுறை இங்கிலீஷில் ஆண்டியப்பனிடம் சொன்னார்: அங்கே ஓடுகிற எல்லாருக்கும் என் கைதான் இருக்கிறது.

தாள் மூலையில் வரைந்து ஓடவிடும் வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆண்டியப்பன் பதிலுக்குச் செய்த ஒரு காரியத்தைப் பற்றி இன்றும் அதிகம் பேசுவதில்லை. முகாமில் சமையல்காரர் வெள்ளைச்சாமிக்கு இடது கால் சற்றுக் குட்டை. அவரை வரையச் சொல்லி மொரிதாவைத் தூண்டியது ஆண்டியப்பன். அண்டாவைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து ஓடும் வாத்தாக வரைந்து தந்தார் அவர். முகாமே சிரித்தது. வெள்ளைச்சாமியும் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். மறுநாளிலிருந்து பந்திக்கு வந்து பரிமாறுவதை நிறுத்திவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கரண்டியை மட்டும் நீட்டினார்.

ஆண்டியப்பன் ஊர் திரும்பி, சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த வருஷத்திலேயே கண்டக்டர் ஆனார். மொரிதாவிடமிருந்து இரண்டொரு வருஷத்துக்கு ஒரு தபால் வரும். இங்கிலீஷைப் போஸ்ட்மாஸ்டர் படித்துச் சொல்வார். கடைசியாக வந்ததில், தோக்கியோவில் ஒரு படக் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தார். ஒரு ஹாலில் நூறு பேர் உட்கார்ந்து வரைகிறார்களாம். கண் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் ஓடுகிற நரியும் மலையும் எங்கள் ஊருடையவை. உன் ஊரில் என்ன ஓடுகிறது என்று கேட்டிருந்தார். ஆண்டியப்பனின் ஆடு அதற்கப்புறம் வந்ததுதான். மஞ்சுவிரட்டுக் காளை ஒன்றும் வந்தது.

அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில், ஆவுடையார்கோயில் ஸ்டாப்பில் பஸ் புறப்பட்ட பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டர் சூசைராஜ் பின்னால் ஓடிவந்தார். கனத்த உடம்பு. ஒரு செருப்பு கழன்றது. அதை எடுக்கத் திரும்பினார். காற்றில் குடை மேல்நோக்கி மலர்ந்துவிட்டது. ஆண்டியப்பன் விசில் ஊதி நிறுத்தினார். ஏறியவர் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாருடைய டிக்கெட்டையும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டம் ஆண்டியப்பனின் கையை விடவில்லை. பத்து நாளில் ஒரு முழுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளில் அது ஏறிவிட்டது: செருப்பு, குடை, தொந்தி எல்லாம். அந்தப் புத்தகத்தை மட்டும் அவர் ராக்காயிக்குக் காட்டவில்லை.

அதே புத்தகம்தான் அடுத்த செக்கிங்கில் சூசைராஜின் கையில் அகப்பட்டது. தாளுக்குத் தாள் ஒரே இடத்தில் ஒரு சின்ன உருவம். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம். தனித்தனியாகப் பார்த்தவருக்கு அது டிக்கெட் காசில் கள்ளக் கணக்கு வைக்கும் ரகசியக் குறியாகப் பட்டது. மறுநாள் காலை புதுக்கோட்டை ஆபீசில் மானேஜர் மேஜைமேல் அது விரித்து வைக்கப்பட்டது.

"யாருக்குப் போட்ட குறி இது?" என்று கேட்டார் மானேஜர்.

"சும்மா கிறுக்குனதுங்க."

"நூறு பக்கத்துலயும் ஒரே எடத்துலயா கிறுக்குவ?"

புத்தகம் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. எடுத்து ஒருமுறை புரட்டிக் காட்டினால் போதும். மானேஜர் சிரிப்பார், குமாஸ்தாக்கள் எழுந்து வருவார்கள், விஷயம் அத்தோடு முடியும். மேஜைக்கு அந்தப் பக்கம் சூசைராஜ் குடையை ஊன்றியபடி நின்றார். ஆண்டியப்பன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். முதலாளி ஊரிலிருந்து வரும்வரை வண்டியில் ஏறவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அமிர்தவல்லி, உள்ளதைச் சொல்ல என்ன கேடு என்று கணவரைக் கேட்டார். "இன்ஸ்பெக்டரு எதுக்கயில்ல நின்னாரு புள்ள" என்றார் ஆண்டியப்பன். எட்டு நாள் அண்ணன் வயலில் வரப்பு வெட்டினார். பதின்மூன்று வருஷ வேலை திருட்டுப் பட்டத்தோடு போய்விடுமோ என்று அமிர்தவல்லி சரியாகச் சாப்பிடவில்லை. அவரும்தான்.

ஒன்பதாம் நாள் கருப்பன் வீட்டுக்கு வந்தார். மீமிசல் டிரிப்பில் நடந்ததை, நின்றபடியே சொன்னார். கண்டக்டர் எங்கே என்று ராக்காயி வண்டியில் விசாரித்திருக்கிறார். குறிபோட்ட கதையைக் கேட்டுவிட்டு, முன்சீட்டில் இருந்த சூசைராஜிடமே போய் நின்றாராம்.

"'குறியாவது ஒண்ணாவது. கட்டவெரலால புரட்டிப் பாருங்கய்யா, ஆடு ஓடும்'னு சொல்லிட்டு அங்கிட்டுப் போயிருச்சுண்ணே அந்தம்மா. முதலாளிகிட்டக் காட்ட புஸ்தகத்தப் பையிலதான வச்சிருந்தாரு. எடுத்துப் புரட்டினாரு."

வயலுக்குப் புறப்பட்டிருந்த ஆண்டியப்பன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"ஒரு தரம் புரட்டினாரு. மூடிட்டாரு. வெளிய பாத்துக்கிட்டே வந்தாரு. ஆவுடையார்கோயில் தாண்டினதும் இன்னொரு தரம். சிரிச்சாரான்னு கேக்காதீங்க, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு, எனக்குக் கண்ணாடியில அவரு முதுகுதான் தெரிஞ்சுச்சு."

அன்று இரவு ஆண்டியப்பனுக்கு வேலையைப் பற்றிய கவலை போய், புரட்டிப் பார்த்தவரைப் பற்றிய கவலை வந்து உட்கார்ந்தது. மறுநாள் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அடிக்கட்டையில் இருப்பவை வெறும் பொழுதுபோக்குக் கிறுக்கல், கண்டக்டரின் நாணயத்தில் குறையில்லை என்று இன்ஸ்பெக்டர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். என்ன கிறுக்கல் என்று எழுதவில்லை. இனி டிக்கெட்டில் பென்சில் படக்கூடாது என்று மானேஜர் எச்சரித்து டியூட்டி கொடுத்தார். அந்தப் புத்தகத்தைக் கணக்கில் காணோம். யாரும் தேடவும் இல்லை. ஆடு இப்போது அமிர்தவல்லி வாங்கித் தந்த கோடு போடாத நோட்டில் மேய்கிறது. ராக்காயிக்கு அதில் ஒரு குறைவும் இல்லை.

சூசைராஜ் அதன்பின் நாலைந்து தடவை வண்டியில் ஏறினார். டிக்கெட்டைச் சரிபார்த்தார், இறங்கினார்.

கார்த்திகை மழையில் ஒரு சாயங்காலம், ஆவுடையார்கோயிலை விட்டு வண்டி நகர்ந்தபோது, தூரத்தில் அவர் ஓடிவருவது தெரிந்தது. ஆண்டியப்பன் விசில் ஊதினார். வண்டி நின்றது. படியில் இறங்கி, ஏறுவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பிறகு, ஓடிவருகிற காலடிச் சத்தம் படிக்கு வந்து, மூச்சு அடங்கி, சீட்டில் உட்காரும் ஓசை கேட்கும்வரை, மழை நிறைந்த வயல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.