பெயர் போடாத டிலீற்

கனகசபாபதி யசிந்தாவுக்கு முந்நூறு ரூபாய் கடன். கொம்பியூட்டர் படிப்பித்த கூலி அது. 1986 மாசியிலிருந்து நிலுவை.

கையில் காசில்லாமல் அல்ல. மருதனார்மடத்தில் விதை வெங்காயமும் உரமும் விற்றே கல்வீடு கட்டிய மனிதர். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அப்படிப்பட்டவர் கடைக்குக் கொம்பியூட்டர் வாங்கியபோது, படித்த ஆட்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். வலிகாமம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒருவர் கிடைக்கமாட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாதம் பஸ்ஸில் வந்து சொல்லிக்கொடுத்தவள் யசிந்தா. கூலி கேட்டபோது அவர் சொன்னது இதுதான்:

“என்ரை மூளையாலை படிச்சனான். நீர் பக்கத்திலை நிண்டனீர், அவ்வளவுதான்.”

பாதி உண்மை. ஆங்கிலம் தெரியாததால் எழுத்துகளை மாட்டுக்குச் சுடும் குறிபோல மனதில் பதித்துக்கொண்டார். திரையில் ஒரு புள்ளி கட்டளைக்குக் காத்து நிற்கும். ‘யூஸ்’ என்று அடித்துக் கோப்பின் பெயரைப் போட்டால் கடன்காரர் பெட்டி திறக்கும். ‘லிஸ்ற்’ என்றால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையில் வந்து நிற்பார்கள். கடன் தீர்ந்தவனை எடுக்க ‘டிலீற் ஓல் போர்’, அதற்குப் பின்னால் அவன் பெயர். இவ்வளவும் கைவந்த பிறகு கணக்குக் கொப்பி எதற்கு? கிழித்து மிளகாய் விதை சுற்றிக் கொடுத்துவிட்டார்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை அளவெட்டித் தம்பிராசா வந்து கடைசிக் காசைக் கட்டினான். கனகசபாபதி ‘டிலீற் ஓல்’ வரை அடித்தார். ஆள் மேசைக்கு முன்னால்தானே நிற்கிறான், பெயரை வேறு எழுதவேண்டுமா? எண்டரைத் தட்டினார்.

‘லிஸ்ற்’ அடித்துப் பார்த்தார். புள்ளி மட்டும் நின்றது. தம்பிராசாவோடு சேர்ந்து ஊர்க்கடன் முழுக்கத் தீர்ந்துபோயிருந்தது.

தம்பிராசாவின் வாய் சும்மா இராது. பின்னேரத்துக்குள் சந்தை முழுக்கச் சேதி பரவிவிட்டது. இரண்டு பேர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். மூன்றாமவர் புதிதாகக் கடனுக்கு உரம் கேட்டு வந்தார்.

“அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ,” என்றாள் மனைவி பாலேஸ்வரி. “இல்லாட்டில் உங்கடை மூளையைக் கேளுங்கோ.”

இரண்டு நாள் மூளையைக் கேட்டார். வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்துக்குக் கார் அனுப்பினார்.

யசிந்தா வந்ததும் ஒன்றைத்தான் கேட்டாள்.

“‘பாக்’ எண்டு அடிச்சனீங்களோ, ஐயா?”

இல்லை. சனிக்கிழமைகளில் மட்டும் அடிக்கச் சொல்லி அவள் கொடுத்த கட்டளை அது. அவள் விளக்கினாள்: டிலீற் செய்தவர்களைக் கொம்பியூட்டர் உடனே எறியாது, குறிபோட்டு மறைத்துத்தான் வைத்திருக்கும், ‘பாக்’ அடித்தால்தான் ஒரேயடியாகப் போவார்கள்.

“அது எனக்குத் தெரியும்,” என்றார் கனகசபாபதி.

“அப்ப நீங்களே அடியுங்கோ,” என்று கதிரையை விட்டு எழும்பினாள்.

பாலேஸ்வரி சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். கடைசியில் அவர், “நீர்தான் படிப்பிச்சனீர், பிள்ளை. இரும்,” என்றார்.

இருந்தாள். மறைத்ததைக் காட்டச் சொல்லி ஒரு வரி அடித்தாள். அடுத்ததாக, எல்லாரையும் திரும்பக் கூப்பிடும் ‘றீகோல் ஓல்’. எண்டரைத் தட்டவில்லை. இடக்கை விரல் அதற்கு மேல் நின்றது. வலக்கை அவர் பக்கம் விரிந்தது.

மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். ஐம்பது ரூபாய்த் தாள்கள் ஆறு, ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணி வைத்தார். கை மடங்கவில்லை.

“அந்த மாதத்துப் பஸ் காசு,” என்றாள் யசிந்தா.

அதையும் சில்லறையாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார்.